பொருந்தாத நெற்றி

"என் திட்டத்துல என்னதான் தப்பு, மேடம்?" என்று கேட்டான் திருமாறன்.

கேட்டான் என்று எழுதுவது மரியாதைக்காக. கத்தினான் என்பதுதான் உண்மை.

டாக்டர் ஜமீலா திரையைப் பார்த்தார். திரையில் ஒரு பெண்ணின் முகம் பச்சைப் பசேலென்று மிதந்துகொண்டிருந்தது.

"பார்க்க நல்லா இருக்கு," என்றார்.

மடிக்கணினியை மூடினார். கை கழுவப் போய்விட்டார்.

இப்படிச் செய்தால் யாருக்குத்தான் கோபம் வராது?

*

டாக்டர் ஜமீலா முகத்து எலும்பை அறுத்துச் சரிசெய்கிறவர். திருமாறன் அவரிடம் திட்டம் போடக் கற்றுக்கொள்ள வந்தவன். கத்தி எலும்பைத் தொடுவதற்கு முன்னால் கணினியிலேயே அதை அறுத்து, நகர்த்திப் பார்த்து, எந்தப் பக்கம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அதுதான் திட்டம்.

அவன் சின்னப் பையன் இல்லை. பொறியியல் கல்லூரியில் பல வருடம் பாடம் நடத்தியவன். டாக்டரைவிட வயதில் மூத்தவன். ஆனாலும் இந்தக் கதையில் சீடன் அவன்தான், அதனால் 'அவன்' என்றே வைத்துக்கொள்வோம். அதற்கும் கோபம் வந்தால் வரட்டும், இருக்கிற கோபத்தோடு அதுவும் ஒன்று.

திரையில் மிதந்த முகம் சகாயமேரியுடையது.

சகாயமேரி ஒரு கேஸ் ஏஜென்சியில் போன் எடுக்கிறவள். "வணக்கம், புக்கிங் நம்பர் சொல்லுங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை சொல்வாள். ஸ்கூட்டரில் போனவளை ஒரு லாரி தட்டிவிட்டது. தாடை உடைந்தது. அவசரத்துக்கு எங்கோ சேர்த்தார்கள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது. தாடை வலப்பக்கமாக இழுத்துக்கொண்டு நின்றது. சோற்றை மெல்ல முடியவில்லை. பேச்சு குழறியது. போனில் ஜனங்கள் "தெளிவாப் பேசும்மா, காலையிலேயே தூக்கமா?" என்று எரிந்து விழுந்தார்கள். முதலாளி அவளைப் பின்னறைக்கு மாற்றிவிட்டார்.

வியாழக்கிழமை ஆபரேஷன். தாடையை அறுத்து, நகர்த்தி, தகடு வைத்து முடுக்கிவிட்டால் அதோடு முடிந்தது. தப்பான இடத்தில் முடுக்கினாலும் அதோடு முடிந்ததுதான். இன்னொரு தடவை அறுப்பதற்கு அந்த எலும்பில் தெம்பு கிடையாது.

ஒரு அதிர்ஷ்டம் இருந்தது. அதிர்ஷ்டம் என்றுதான் திருமாறன் நினைத்தான். விபத்துக்கு முன்னால், பல் வரிசையைச் சரிபண்ணுவதற்காக, ஒரு பல் மருத்துவமனையில் அவள் முகத்தை முப்பரிமாணத்தில் ஸ்கேன் எடுத்து வைத்திருந்தார்கள். அதை அவள் அண்ணன் தேடி வாங்கிவந்தான்.

"எங்க மேரி பழைய மாதிரியே ஆயிடணும், சார்," என்றான் அண்ணன்.

"அச்சு அசலா ஆயிடும்," என்றான் திருமாறன்.

பழைய முகத்தின்மேல் புதிய முகத்தைத் தூக்கி வைக்க வேண்டும். கணினி இரண்டையும் அசைத்து அசைத்துப் பொருத்தும். பொருந்திய இடம் பச்சை. துருத்திய இடம் சிவப்பு. பள்ளமான இடம் நீலம். சிவப்பையும் நீலத்தையும் பார்த்தால் தாடை எவ்வளவு விலகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். இவ்வளவுதான் விஷயம். கல்லூரியில் இதைவிடக் கஷ்டமானதையெல்லாம் அவன் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறான்.

அப்படிப்பட்டவனிடம் "பார்க்க நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனால்?

*

மறுநாள் அவன் அதே பச்சை முகத்தோடு வந்து உட்கார்ந்தான்.

"தப்பு எங்கன்னு சொல்லுங்க. சொன்னாத் திருத்தறேன். சொல்லாம மூடி வச்சா நான் என்ன ஜோசியமா பார்க்கிறது?"

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்க முகம் இந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கா, சார்?"

"இருக்கு. மெஷினைச் சரிபார்க்க எடுத்தது."

"எடுங்க."

எடுத்தான்.

"அதை சகாயமேரி பழைய முகத்து மேல வைங்க."

"எதுக்கு?"

"வைங்க."

வைத்தான். கணினி அசைத்து அசைத்துப் பொருத்தியது. மீசை சிவப்பாக நின்றது. தாடியில்லாத கன்னம், மூக்கு, நெற்றி எல்லாம் அங்கங்கே திட்டுத் திட்டாகப் பச்சை.

டாக்டர் கொஞ்ச நேரம் ரசித்தார்.

"நல்லாப் பொருந்துதே. வியாழக்கிழமை உங்களையே படுக்க வச்சிடலாமா?"

திருமாறனுக்குக் காது மடல் சூடானது.

"பச்சைக்கு வச்ச அளவு கொஞ்சம் தாராளம்," என்றான். "அதனாலதான் அப்படித் தெரியுது."

"யாரு வச்சா?"

"நான்தான்."

"ஏன்?"

அளவைக் கொஞ்சம் இறுக்கினால் முகம் முழுக்கச் சிவப்பும் நீலமுமாகப் பொரிந்துவிடுகிறது. அந்தப் படத்தை டாக்டரிடம் காட்ட அவனுக்கு மனசு வரவில்லை. பச்சையாகக் காட்டினால்தான் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்று நினைத்தான். இந்த வேலையில் இருக்கிற எல்லாருக்கும் இந்தச் சபலம் உண்டு, ஒருவரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள்.

"எதைப் பிடிச்சுக்கிட்டுப் பொருத்தினீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"முழு முகத்தையும்தான்."

"கோணின தாடையையும் சேர்த்தா?"

திருமாறன் தாடையின் பக்கம் படத்தைத் திருப்பினான்.

முழு முகத்தையும் பிடித்துக்கொண்டு பொருத்தச் சொன்னால் கணினி என்ன செய்யும்? தாடையின் கோணலை எடுத்து நெற்றிக்குக் கொஞ்சம், கன்னத்துக்குக் கொஞ்சம், மூக்குக்குக் கொஞ்சம் என்று பங்கு பிரித்துக் கொடுத்துவிடும். தப்பு செய்தவனை விட்டுவிட்டுத் தெருவில் இருக்கிற எல்லாரிடமும் அபராதம் வசூலித்த மாதிரி. கணக்குக்கு எல்லாம் சரியாக இருக்கும். தாடை மட்டும் கோணலாகவே இருக்கும்.

இது அவனுக்குத் தெரியாத விஷயம் இல்லை. அதுதான் அவனை இன்னும் எரித்தது.

"இதை நேத்தே சொல்லியிருக்கலாம்," என்றான்.

"நேத்து நீங்க பச்சையைக் காட்ட வந்தீங்க. என்கிட்ட கேக்க வரல," என்றார் டாக்டர்.

*

அசையாத இடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். நெற்றி. மூக்கின் அடித்தண்டு. லாரி அங்கே தொடவில்லை. தாடை எங்கே போனாலும் நெற்றி இருந்த இடத்தில்தான் இருக்கும்.

திருமாறன் நெற்றியை மட்டும் பிடித்துக்கொண்டு பொருத்தினான். பச்சையின் அளவையும் யோக்கியமாக இறுக்கி வைத்தான்.

நெற்றி பொருந்தவில்லை.

மறுபடி செய்தான். புருவத்துக்கு மேலே சிவப்பு. புருவங்களுக்கு நடுவே நீலம்.

இடத்தைக் குறைத்துப் பார்த்தான். கூட்டிப் பார்த்தான். கணினியை அணைத்துப் போட்டுப் பார்த்தான். பழைய ஸ்கேனை எடுத்தவனைத் திட்டினான். மெஷினைச் செய்தவனைத் திட்டினான். மதியச் சாப்பாட்டுக்குக்கூடப் போகவில்லை. தாடை நகர்ந்தது என்றால் நியாயம் இருக்கிறது. உடையாத நெற்றி எப்படி நகரும்?

டாக்டர் ஆபரேஷன் முடிந்து வந்தபோது அவன் வாசலிலேயே மறித்தான்.

"நெத்தி பொருந்தல."

"ம்."

"மேடம், நெத்தி எலும்பு மாறவே மாறாது. நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? நீங்க சொன்ன மாதிரியே பிடிச்சேன், பொருந்தல. பழைய ஸ்கேன் குப்பை. இல்ல, நம்ம மெஷின் குப்பை. இல்லைன்னா நீங்க சொல்லிக் கொடுத்தது குப்பை!"

கடைசிச் சொல் வெளியே வந்த பிறகுதான் அவனுக்கே கேட்டது. தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி நின்று பார்த்துவிட்டு வேகமாக நடந்தாள்.

டாக்டர் கோபப்படவில்லை என்று எழுத ஆசைதான். ஞானிகளைப் பற்றி அப்படித்தான் எழுதுவார்கள். ஜமீலாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூக்கு விடைத்தது.

"உள்ள வாங்க," என்றார்.

உள்ளே போனதும் கை ஸ்கேனரை எடுத்தார்.

"கோபமா இருக்கீங்களா, சார்?"

"ஆமா!"

"அப்படியே இருங்க. அசையாதீங்க."

அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் அவன் முகத்தைச் சுற்றி ஸ்கேனரை ஓட்டி முடித்துவிட்டார். அந்த முகத்தைத் திரையில் போட்டார். பக்கத்தில் அவனுடைய பழைய முகம், மெஷினைச் சரிபார்க்க எடுத்தது. இரண்டின் நெற்றியையும் பிடித்துப் பொருத்தினார்.

புருவத்துக்கு மேலே சிவப்பு. நடுவே நீலம். கீழே, பல்லைக் கடித்ததில் தாடை மூலை இரண்டும் புடைத்துச் சிவந்து நின்றன.

"உங்களை லாரி ஏதும் தட்டிச்சா?" என்றார் டாக்டர்.



மாறாதது எலும்பு. ஸ்கேன் எடுத்தது தோலை. அதன் அடியில் இருக்கிற சதைக்குச் சுபாவம் உண்டு, புருவத்தை நெரிக்கும், பல்லைக் கடிக்கும்.

"ரெண்டுல எது உங்க முகம்?" என்று கேட்டார் டாக்டர்.

"ரெண்டும்தான்."

"அவங்களுக்கு எதை வைக்கப் போறீங்க?"

"பழசை."

"பழசு என்ன முகம்?"

திருமாறனுக்குக் கேள்வி புரியவில்லை. பழசு என்றால் பழசு. விபத்துக்கு முந்தியது. நல்ல முகம். புதுசு எடுத்தபோது அவள் சிடுசிடுவென்று இருந்தது அவனுக்கு நினைவில் இருந்தது. ஆகவே கோபம் புதிய ஸ்கேனில்தான் இருக்கும், பிரச்சினையும் அதில்தான் இருக்கும்.

"புதுசை இன்னொரு தடவை எடுத்தாச் சரியாப் போயிடும்," என்றான்.

"எடுத்துட்டு வாங்க," என்றார் டாக்டர். அவர் குரலில் இன்னும் கோபம் தணியவில்லை.

*

வார்டில் சகாயமேரி கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குடித்தாள் என்பதைவிட ஊற்றிக்கொண்டாள் என்பது சரி. வாயோரம் வழிந்ததைத் துண்டால் ஒற்றிக்கொண்டாள்.

"இன்னொரு ஸ்கேன் எடுக்கணும்மா," என்றான் திருமாறன்.

"எதுக்கு?"

"போன தடவை எடுத்தது சரியா வரல. நீங்க கொஞ்சம் டென்ஷனா இருந்துட்டீங்க. இப்ப நார்மலா இருந்தாப் போதும்."

கஞ்சிக் கிண்ணம் ஸ்டூலில் இறங்கியது. இறங்கிய வேகத்தில் பாதி வெளியே சிந்தியது.

"என்னது?"

"நார்மலா... முகத்தை நார்மலா வச்சுக்கிட்டா..."

"ஏன் சார், நார்மலா இருக்கிற மூஞ்சி இருந்தா நான் எதுக்கு இங்க வந்து படுத்துக்கிடக்கேன்?"

பேச்சு குழறியது. ஆனால் ஒரு சொல்கூடத் தவறாமல் அவனுக்குப் புரிந்தது.

"போன தடவையும் இதேதான். அந்த மெஷினை மூஞ்சிக்கு நேரா பிடிச்சுக்கிட்டு, நார்மலா இருங்க, நார்மலா இருங்கன்னு. நீங்க ஒரு தடவையாவது என் மூஞ்சியைப் பார்த்தீங்களா? அந்த டிவியைத்தானே பார்த்தீங்க? வந்த அன்னையில இருந்து பார்க்கிறேன், நான் பேசினா நீங்க டிவியைப் பார்க்கிறீங்க. எங்க அண்ணன் பேசினா அண்ணனைப் பார்க்கிறீங்க. இது என்ன, அண்ணனோட தாடையா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். திருமாறன் ஏதோ சொல்ல வந்தான். சொல்லியிருந்தால் இன்னும் வாங்கிக்கட்டிக்கொண்டிருப்பான். நல்லவேளையாக எதுவும் வரவில்லை.

அவன் அவளைப் பார்த்தான். வேலையாக இல்லாமல், சும்மா பார்த்தான். கோபத்தில் அவளுடைய புருவங்கள் நெரிந்திருந்தன. அந்த நெரிசலை அவன் எங்கோ பார்த்திருந்தான்.

புதிய ஸ்கேனில் இல்லை.

அவன் கையில் இருந்த டேப்லெட்டில் இரண்டு முகங்களையும் எடுத்தான். புதியதில் தாடை கோணல், ஆனால் நெற்றி வழவழவென்று இருந்தது. களைத்துப்போன முகம், அவ்வளவுதான். நெரிந்த புருவம் பழையதில்தான் இருந்தது.



"அம்மா," என்றான். "பழைய ஸ்கேன்... அந்தப் பல் ஆஸ்பத்திரியில எடுத்தது. அன்னைக்கு என்ன நடந்துச்சு?"

சகாயமேரி அவனைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"அது எதுக்கு இப்ப?"

"எனக்குத் தெரியணும்."

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பல்லு எடுப்பா இருக்குன்னு சொன்னாங்க. கம்பி போட்டு உள்ள தள்ளிட்டா சம்மதமாம். அண்ணன் இழுத்துக்கிட்டுப் போய் நாற்காலியில உட்கார வச்சுட்டான். எனக்கு அந்த ஆளையே பிடிக்கல. பல்லைக் காட்டச் சொன்னா என்ன, மாடா வாங்கறாங்க?"

"அப்ப நீங்க..."

"அங்கேயும் ஒருத்தன் நார்மலா இருங்கன்னுதான் சொன்னான். வாயைத் திறந்தா கத்திடுவேன்னு தெரியும். கத்தினா அண்ணன் அங்கேயே அடிப்பான். அதனால கன்னத்தை உள்பக்கமா கடிச்சுக்கிட்டேன். இப்படி."

அவள் காட்டினாள். கோணிய தாடையோடு காட்டியது சரியாக வரவில்லை, ஆனாலும் காட்டினாள். இடப்பக்கக் கன்னத்தைக் கடைவாய்ப் பல்லுக்கு நடுவே கொடுத்துக் கடித்தாள். தாடை இடப்பக்கமாக எக்கிக்கொண்டு போக முயன்றது. கன்னத்து மூலை புடைத்தது.

"ரத்தம் வந்துடுச்சு. வீட்டுக்குப் போய்த்தான் துப்பினேன். அப்புறம் அந்தச் சம்பந்தத்தையும் துப்பிட்டேன், அது வேற. கம்பியும் போடல, கல்யாணமும் பண்ணல."

திருமாறன் டேப்லெட்டில் தன் திட்டத்தை எடுத்தான்.

வலப்பக்கம் போன தாடையை இடப்பக்கமாக எவ்வளவு நகர்த்துவது என்று அவன் கணக்குப் போட்டிருந்தான். அந்தக் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று இப்போது தெரிந்தது. கன்னத்தைக் கடித்துக்கொண்டிருந்த இடத்தில். பல்லும் பல்லும் சேராத அந்த இடத்தில். "பல் பொருத்தத்தைப் பிறகு கம்பி போட்டுச் சரிசெய்துகொள்ளலாம்" என்று திட்டத்தின் கீழே கெட்டிக்காரத்தனமாக ஒரு வரி வேறு எழுதியிருந்தான்.

அன்றைக்கு அவள் விழுங்கிய கோபத்தை எடுத்து, தகடு வைத்து, ஆணி போட்டு, ஆயுசுக்கும் முடுக்கிவிட இருந்தான். அண்ணன் கேட்டபடி. பழைய மாதிரியே. அச்சு அசலாக.

"ஸ்கேன் எடுக்கலையா?" என்றாள் சகாயமேரி.

"வேண்டாம்," என்றான். "கஞ்சியைக் குடிங்க."

*

படிக்கட்டில் இறங்கும்போது கோபம் மறுபடி ஏறியது. இந்தத் தடவை வேறு திசையில்.

"உங்களுக்குத் தெரியும்," என்றான் டாக்டரிடம். உட்காரக்கூட இல்லை. "ஆரம்பத்துல இருந்தே தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என்னை அலையவிட்டீங்க. பச்சைன்னீங்க, நெத்தின்னீங்க, என் மூஞ்சியை வச்சு விளையாடினீங்க. நான் போய்க் கேக்காம இருந்திருந்தா? வியாழக்கிழமை வெட்டியிருப்பீங்களா?"

"என்ன தெரியும்?" என்றார் டாக்டர்.

அவன் சொன்னான். மாப்பிள்ளை வீடு, நாற்காலி, கன்னம், ரத்தம் எல்லாவற்றையும் சொன்னான்.

டாக்டர் ஜமீலா கேட்டுக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் நிறம் மாறியது. கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"எனக்குத் தெரியாது," என்றார்.

"என்ன?"

"அந்தப் பழைய முகம் ஏதோ சரியில்லைன்னு மட்டும்தான் பட்டுச்சு. என்னன்னு தெரியாது."

"அப்ப நீங்களும் அவங்ககிட்ட..."

"கேக்கல."

வெளியே யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

குருவுக்கு எல்லாம் தெரியும் என்று நம்புவதில் ஒரு சுகம் இருக்கிறது. தப்பு நடந்தால் அவர் பார்த்துக்கொள்வார். திருமாறன் அந்தச் சுகத்தை இழந்து நின்றான். இனி யார்மேல் கோபப்படுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"நீங்க கேக்கலைங்கற கோபத்துல," என்றார் டாக்டர், "நான் கேக்காதது எனக்கே தெரியாமப் போச்சு."

அவர் கண்ணாடியைக் கழற்றி வெறுமனே துடைத்தார்.

"இப்ப எதோட பொருத்தறது, மேடம்? பழைய முகம் போச்சு. நெத்தியும் போச்சு."

"பல்லோட."

"பல்லோடயா?"

"அவங்க கம்பி போடலைன்னு சொன்னாங்கல்ல? மேல் பல்லும் கீழ்ப் பல்லும் இத்தனை வருஷமா உரசி உரசித் தேஞ்ச இடம் அப்படியே இருக்கும். அதுக்கு அது பொருந்துற இடத்துல தாடையை வைங்க." டாக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பல்லுக்குக் கோபம் வராது."

*

அவன் அப்படியே வைத்தான். சகாயமேரியின் பல் அச்சில் ஒவ்வொரு பல்லாகத் தேய்ந்த இடத்தைத் தேடி, மேலும் கீழும் உட்கார வைத்தான். தாடை நகர்ந்து ஒரு இடத்தில் போய் நின்றது.

அந்தத் தாடையைப் பழைய முகத்தோடு ஒப்பிட்டான்.

வலப்பக்கம் முழுக்கச் சிவப்பு.

வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தச் சிவப்பை அவன் மறைக்கவில்லை. அப்படியே எடுத்துப்போய் டாக்டரின் முன்னால் வைத்தான்.

டாக்டர் பார்த்தார். மடிக்கணினியை மூடவில்லை.

"அண்ணன் பழைய மாதிரியே வேணும்னு சொல்லியிருக்கான்," என்றான் திருமாறன். "நானும் அச்சு அசலா ஆயிடும்னு வாக்குக் கொடுத்திருக்கேன்."

"யாருக்கு?"

"அண்ணனுக்கு."

டாக்டர் எழுந்தார்.

"வாங்க, சார்," என்றார்.

*

சகாயமேரி இருவரையும் பார்த்ததும் முறைத்தாள். அந்தக் கோபம் இன்னும் போகவில்லை. போக வேண்டிய அவசியமும் இல்லை.

டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். திருமாறன் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்தான்.

"வியாழக்கிழமை உங்க தாடையை எங்க வைக்கணும்னு கேக்க வந்திருக்கோம்," என்றார் டாக்டர்.

"என்னையா கேக்கறீங்க?"

"உங்களைத்தான்."

"எங்க அண்ணன்கிட்ட..."

"அவர்கிட்ட இல்ல."

திருமாறன் சொன்னான். தடுமாறிச் சொன்னான், ஆனால் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்துச் சொன்னான். "ரெண்டு இடம் இருக்கு. ஒண்ணு, உங்க பல்லு சேர்ற இடம். அங்க வச்சா மெல்லலாம், பேச்சு தெளிவா வரும். ஆனா அந்தப் பழைய ஸ்கேன்ல இருக்கிற முகம் வராது. பார்க்கிறவங்க, என்ன மேரி, வேற மாதிரி இருக்கேன்னு கேப்பாங்க. இன்னொண்ணு, உங்க அண்ணன் கேட்ட பழைய முகம்."

"அந்த முகத்தை எனக்குக் காட்டுங்க."

"நீங்க பார்த்ததில்லையா?"

"எனக்கு யாரு காட்டினா?"

டேப்லெட்டை அவள் கையில் கொடுத்தான்.

அவள் அதை மடியில் வைத்துக்கொண்டாள். எப்படித் திருப்புவது என்று அவன் சொல்லிக்கொடுத்தான். அவள் விரலால் மெல்ல அந்த முகத்தைத் திருப்பினாள். இந்தப் பக்கம். அந்தப் பக்கம். நெரிந்த புருவம். புடைத்த கன்னம். உள்ளே பற்களுக்கு நடுவே எதையோ கவ்விக்கொண்டு மூடியிருந்த வாய்.

ரொம்ப நேரம் பார்த்தாள்.

திருமாறன் திட்டு வாங்கத் தயாராக இருந்தான். டாக்டரும்தான்.

சகாயமேரி அந்தக் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். டேப்லெட்டை டாக்டரிடம் கொடுக்காமல் அவனிடமே நீட்டினாள்.

"பாவம்," என்றாள். "இவளை விட்டுடுங்க, சார்."